மூடுல் மேம்படுத்தும்போது பாட பேக்கப்பை நம்பலாமா?

ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பாடங்களை இணையவழியில் நடத்த உதவும் மூடுல் மென்பொருளின் 3.9 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த தளத்தை விட்டுவிட்டு, புது சர்வரில் 4.1-ஐ நிறுவியிருந்தார்கள். ஒவ்வொரு பாடத்தையும் அந்தந்த ஆசிரியரே பேக்கப் எடுத்துக் கொடுத்திருந்தார். எல்லாம் பிழையில்லாமல் ரீஸ்டோர் ஆகிவிட்டது. பாடக்குறிப்புகள் இருக்கின்றன, வினாடி வினா இருக்கிறது. "மாணவர்கள் எழுதிய விடைகளையும் மதிப்பெண்களையும் மட்டும் காணோம் சார்" என்றார்கள்.

பேக்கப் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த விவரங்கள் அதில் ஏறவே இல்லை. மூடுலில் ஆசிரியர் பொறுப்பில் இருப்பவருக்கு, பயனர் தரவைச் சேர்த்து பேக்கப் எடுக்கும் அனுமதி இயல்பாகவே கிடையாது. மேலாளருக்கும் நிர்வாகிக்கும்தான் உண்டு. ஆசிரியர் எடுத்தால் பாடத்தின் எலும்புக்கூடு மட்டும் வரும். இது தவறான ஏற்பாடு அல்ல, மாணவர் விவரம் வெளியே போகாமல் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதை அந்த ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பழைய சர்வரையும் அதற்குள் அழித்துவிட்டார்கள். சில ஆசிரியர்கள் மதிப்பெண் பட்டியலைத் தனியாக இறக்கி வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது. மாணவர்கள் சமர்ப்பித்த ஒப்படைப்புகள் போனது போனதுதான். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் அது. ரீஸ்டோர் தொடங்கியதும் வரும் முதல் பக்கத்திலேயே, பேக்கப் எந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டது, பயனர்கள் சேர்க்கப்பட்டார்களா என்றெல்லாம் காட்டும். பார்த்துவிட்டு ரத்து செய்துவிடலாம், எதுவும் மாறாது.

பாட பேக்கப் என்பது ஒரு பாடத்தை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக உதவும் கருவி. தளத்தையே மேம்படுத்த வேண்டுமென்றால் டேட்டாபேஸ், மூடுல்டேட்டா கோப்புறை, நிரல் கோப்புகள் மூன்றையும் ஒரே நேரத்தில், தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்து நகலெடுக்க வேண்டும். டேட்டாபேஸை மட்டும் கொண்டுவந்தால் பாடங்களின் பெயர்கள் தெரியும், பிடிஎஃப் எதுவும் திறக்காது. கோப்புகளின் உள்ளடக்கம் மூடுல்டேட்டாவில்தான் இருக்கிறது. பதிப்பையும் இஷ்டத்துக்குத் தாவ முடியாது. உதாரணமாக, 4.5 பதிப்புக்குப் போக குறைந்தது 4.1.2 வேண்டும், மூடுல் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியும் சர்வரில் குறைந்தது 8.1 ஆக இருக்க வேண்டும். அதனால் 3.9-இல் இருப்பவர்கள் முதலில் 4.1.2-க்கோ அதற்குப் பிந்தைய 4.1-க்கோ வந்து, அப்புறம் பிஎச்பியை மாற்றி 4.5-க்கு ஏற வேண்டும்.

சரி, கையில் பாட பேக்கப் மட்டும்தான் இருக்கிறது, அது ரீஸ்டோர் ஆகவில்லை என்றால்? பெரிய கோப்பு பதிவேறாமல் நின்றால் பிஎச்பியின் இரண்டு அளவு வரம்புகளையும், அதாவது பதிவேற்றக் கோப்புக்கு உள்ளதையும் மொத்தமாக அனுப்பும் தரவுக்கு உள்ளதையும், சேர்த்தே கூட்டுங்கள். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு அரைநாள் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்றால் சர்வரில் காலியிடம் பாருங்கள், கோப்பை அங்கேதான் விரித்து வைக்கும். வினாடி வினா போன்ற செயல்பாடுகளில் ஒன்று மட்டும் காணாமல் போனால், அதற்குரிய ப்ளகின் (தனியாக நிறுவும் துணை நிரல்) புது தளத்தில் இருக்காது. அதை நிறுவிவிட்டு மறுபடி ரீஸ்டோர் செய்யுங்கள். 'அட்மின்' பயனர் முரண்படுகிறார் என்று பிழை வந்தால், இரண்டு தளங்களிலும் அதே பெயரில் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். புது தளத்தின் நிர்வாகிப் பெயரை மாற்றினால் பெரும்பாலும் வழிவிடும். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முயல வேண்டாம், அதற்கு ஆதரவு இல்லை.

இப்போது யார் அழைத்தாலும், வேலை தொடங்கும் முன் ஒரு சோதனைத் தளம் கேட்கிறேன். மாணவர்கள் அதிகமுள்ள ஒரு பாடத்தை அதில் ரீஸ்டோர் செய்து, ஏதாவது ஒரு மாணவரின் விடைத்தாளைத் திறந்து காட்டுமாறு பாட ஆசிரியரிடமே சொல்கிறேன். பழைய சர்வரை அந்தப் பருவத் தேர்வு முடிவுகள் வரும்வரை அணைத்து வைக்கலாம், அழிக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்.