பளபளக்கும் பவளம் நலமாக இருக்கிறதா?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் தன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் படங்களை அனுப்பியிருக்கிறார். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று ரசித்த தொட்டி. அடுத்த சில வாரங்களில், குடைபோல் தட்டையாக விரியும் காளான் பவளங்கள் சில வெளுத்துவிட்டன, சில பழுப்பாகிவிட்டன. "கண்ணு பட்டுட்டு என்று ஆச்சி சொல்கிறார், விளக்கை மாற்று என்று கடைக்காரர் சொல்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

கல்யாணம் மே மாதத்தில். வந்தவர்களின் கண்ணைவிட வந்த மாதத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பவளம் ஒரு விலங்கு, அதன் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன, அவை ஒளிச்சேர்க்கை செய்து விலங்குக்கும் உணவு தருகின்றன. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நல்ல வெளிச்சத்தில் வாழும் பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இந்தப் பாசிகளிடமிருந்து கிடைக்கலாம். பலரும் கவனிக்காத விஷயம், இந்தப் பாசிகளின் நிறம் பழுப்பு என்பது. பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா என்று நாம் மயங்கும் நிறங்கள் பெரும்பாலும் விலங்கின் திசுவிலேயே உருவாகும் புரதங்களால் வருபவை.

ஆகவே 'நிறம் போயிற்று' என்பதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பாசி வெளியேறினால் பவளம் வெளுக்கும். பாசி அளவுக்கு மீறிப் பெருகினாலோ, வெளிச்சம் குறைந்து நிறப்புரதம் சுரப்பது குறைந்தாலோ, பவளம் பழுப்பாகும். வெளுத்ததற்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். பழுப்பானதற்குப் பெரும்பாலும் கூட்ட வேண்டும். கடைக்காரர் சொல்படி விளக்கை மாற்றினால் பாதிப் பவளம் பிழைக்கும், பாதி செத்துப்போகும்.

எது எது என்று தெரியாவிட்டால், இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நீலநிற டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். பழுப்பானது தடித்து, மந்தமாகத் தெரியும், வாயைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பச்சை மினுங்கும். வெளுத்தது கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும், சுருங்கியிருக்கும், ஆனால் சில சமயம் முழுவதுமாகப் பச்சை ஒளி வீசும். இந்தப் பச்சையில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பாசி ஏன் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால், பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு வந்து விழும் ஒளியைக் கையாள முடியாமல் திணறும். மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனில் ஏறி, செல்லைத் தாக்கும் வடிவங்களாக மாறும். பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததும் வெப்பத்தால்தான். பாளையங்கோட்டை மாடி அறையில் மின்சாரம் போய், நீரைக் குளிர்விக்கும் சில்லரும் நின்றால், அதே கதை நாலடித் தொட்டிக்குள் நடக்கும்.

சரி, இப்போது பச்சைக்கு வருவோம். கல் பவளத்தின் மெல்லிய திசுவுக்கு அடியில் சுண்ணாம்பாலான வெள்ளை எலும்புக்கூடு இருக்கிறது. மே மாத வெயிலில் வெள்ளையடித்த சுவர் கண்ணைக் கூச வைக்கிறதே, அதே வேலையைத்தான் இந்த எலும்புக்கூடும் செய்கிறது. விழும் ஒளியைத் திருப்பித் திருப்பித் திசுவுக்குள்ளேயே சிதறடிக்கும். பாசி நிறைந்திருக்கும்வரை அந்த ஒளியை அது விழுங்கிவிடும். பாசி கொஞ்சம் குறைந்ததும் திசுவுக்குள் ஒளி ஏறும், குறிப்பாக நீல ஒளி. மிஞ்சியிருக்கும் பாசிகளின் பங்கில் விழும் ஒளி இன்னும் அதிகமாகிறது. அவையும் திணறுகின்றன, போகின்றன, இன்னும் ஒளி ஏறுகிறது. ஒரு விஷச் சுழல்.

இந்தச் சுழலைப் பவளம் தானே அறுக்கிறது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. நிறப்புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுவது அதே நீல ஒளிதான். நீலம் ஏற ஏறப் புரதம் அதிகமாகச் சுரக்கும். சில புரதங்கள் நீலத்தை உறிஞ்சிப் பச்சையாக உமிழும், சில ஒளியை வெறுமனே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எப்படியானாலும் திசுவுக்குள் வெளிச்சம் தணிகிறது, பாசி திரும்பி வந்து குடியேற வசதி பிறக்கிறது. பாசி பெருகியதும் நீலம் குறையும், புரதமும் குறையும். எந்த மூளையும் இல்லாமல் நடக்கும் கட்டுப்பாடு இது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதை விளக்கினார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பாசி போன பவளம் வெள்ளையாகாமல் இப்படிப் பளபளப்பதை 'வண்ண வெளுப்பு' என்கிறார்கள், அது வருவது மிதமான வெப்பத்தில், அல்லது நீரின் ஊட்டச்சத்து சமநிலை கெடும்போது. வெப்பம் கடுமையாக நீண்டால் வெறும் வெள்ளைதான் மிஞ்சும்.

ஆகவே திடீரென்று நியான் விளக்கு மாதிரி பளபளக்கும் பவளத்தைப் படமெடுத்துப் பெருமைப்படாதீர்கள். அது அரைப்பட்டினியில் இருக்கலாம். வாசகரின் காளான் பவளங்களுக்கு எலும்புக்கூடு கிடையாது, அதனால் வெள்ளைச் சுவர்க் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பாசியும் அதே கூட்டம், புரதமும் அதே குடும்பம்.

காளான் பவளத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்த டிஸ்கோசோமா என்ற வகையிலிருந்துதான் டிஎஸ்ரெட் என்ற சிவப்பு ஒளிர்புரதம் கிடைத்தது. அது 1999இல் வெளியானது. உயிருள்ள செல்லுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சிவப்பில் காட்ட இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் அதன் வழித்தோன்றல்கள் பயன்படுகின்றன. 'மீன்தொட்டிப் பூவை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்' என்று நம்மூர் நிதிக் குழு ஒன்றில் யாராவது கட்டாயம் கேட்டிருப்பார்கள். பவளத்தை இருபது முப்பது வருடம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஏதாவது புரியும். திட்ட நிதியோ இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துபோகிறது.

ஆச்சியும் கடைக்காரரும் சொல்லாத ஒரு காரணமும் உண்டு, அதீத சுத்தம். பாஸ்பேட்டைச் சுழியமாக்கும் வடிகட்டியைப் பெருமையாகப் போட்டு வைக்கிறோம். நைட்ரேட் மட்டும் இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால், பாசி பெருகும், ஆனால் அதன் சவ்வுக்குத் தேவையான பாஸ்போலிப்பிடு என்ற பாஸ்பேட் கலந்த கொழுப்பு கிடைக்காது. கந்தகம் கொண்ட வேறு கொழுப்பை வைத்து ஒப்பேற்றும். அப்படிப்பட்ட பாசி கொஞ்ச வெப்பத்துக்கே தாங்காது. இதுவும் சவுத்தாம்ப்டன் குழு 2013இல் கண்டதுதான். டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராமுக்குள் இருந்தால் போதும். சுழியம் வேண்டாம்.

வாசகர் செய்ய வேண்டியது: வெளுத்தவற்றைத் தொட்டியின் நிழல் பக்கம் அடியில் இறக்கிவிட்டு, பழுப்பானவற்றைச் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைக்கலாம். நெல்லையின் வறண்ட கோடைக் காற்றில் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். தூத்துக்குடியின் ஈரக்காற்றில் அந்த அளவு பலிக்காது. ஆவியான நீருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. உப்பு ஆவியாவதில்லை.

போனதுக்குப் பதில் தூத்துக்குடிப் பக்கம் யாராவது கடலிலிருந்து கல் பவளம் எடுத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்த கடல் அது.

வெளுத்த பவளம் தேற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாசி தரும் சாப்பாடு கிடையாது. இரவில் விளக்கணைத்தபின், ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைப் பிப்பெட்டில் எடுத்து வாயருகே மெதுவாக விடுங்கள். தின்னாமல் துப்பினால் அளவைக் குறையுங்கள், இல்லையென்றால் அது அழுகி நீர் கெட்டுவிடும்.