லித்தோ: கல்லச்சு

மதுரையிலிருந்து விருதுநகர் தாண்டி சிவகாசிக்குள் போனால், அச்சகப் பெயர்ப்பலகைகளில் 'லித்தோ ஒர்க்ஸ்', 'லித்தோ பிரஸ்' என்று பார்க்கலாம். உள்ளே ஓடுவதோ ஆஃப்செட் இயந்திரம். கல் எதுவும் இருக்காது. சொல்லின் பொருள் என்னவோ கல்தான். லித்தோ என்பது லித்தோகிராஃபி என்ற அச்சு முறையின் சுருக்கம். கிரேக்கத்தில் 'லித்தோஸ்' கல், 'கிராஃபெய்ன்' எழுதுவது.

1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக் கண்டுபிடித்த முறை இது. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் எழுத வேண்டும். பிசினோடு கொஞ்சம் அமிலம் கலந்து பூசிக் கல்லைப் பக்குவப்படுத்தி, தண்ணீரில் நனைத்து, மை உருளையை ஓட்டினால் எழுதிய இடம் மட்டும் மையைப் பிடிக்கும். நனைந்த இடத்தில் ஒட்டாது. செதுக்கல் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது.

தமிழில் இதற்கு வழங்கும் சொல் கல்லச்சு. சுருக்கமான, நல்ல சொல். ஆனால் மாங்குளத்திலோ சமணர் மலையிலோ கல்வெட்டு பார்த்துப் பழகிய மதுரைக்காரருக்கு அது மைப்படியை நினைவூட்டிவிடும். அது வேறு வேலை. ஈரத்தாளைக் கல்வெட்டின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் வரும். மைப்படிக்கு வெட்டிய பள்ளம் வேண்டும். லித்தோவுக்கு எண்ணெயும் தண்ணீரும் சேராமல் இருந்தாலே போதும்.

அதனால்தான் கல் போன பிறகும் லித்தோ பிழைத்துக்கொண்டது. லேசர் பிரிண்டரில் பாலியெஸ்டர் தகட்டைக் கொடுத்துப் படம் எடுத்தால், டோனர் என்ற மைத்தூள் படிந்த இடம் மையை ஏற்கும். இன்னும் வேடிக்கையானது சமையலறை லித்தோ. சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளில் துணி சோப்பாலோ கொழுப்புள்ள கிரேயானாலோ வரைந்து, மேலே கோலா பானத்தை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம், படம் இல்லாத இடத்தைத் தண்ணீர் தங்கும்படி மாற்றிவிடும். கழுவி, சமையல் எண்ணெயால் படத்தைத் துடைத்து, ஸ்பான்ஜால் நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால் அச்சுக்குத் தயார். தாள் மெலிசு என்பதால் கசங்காமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. கோலாவுக்கு இதைவிட நல்ல பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதையும் கல்லச்சு என்று சொல்வது சரியா? எனக்கு ஒப்பவில்லை. கல் இருந்தால் கல்லச்சு, தகடு இருந்தால் தகட்டு லித்தோ என்பேன். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டுமானால் சமதள அச்சு பொருந்தும்.

ஆஃப்செட்டும் இந்தக் குடும்பம்தான். தகட்டிலிருந்து படம் முதலில் ரப்பர் விரிப்பில் விழுந்து, அதிலிருந்து மறுபடி தாளில் தோன்றுவதால் 'மறுதோன்றி அச்சு' என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர்தான். எழுதும்போது றகரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'மருதோன்றி' என்றால் கையில் வைக்கும் மருதாணி.