சாஃப்ட் பாட்டு கேட்டாலும் காது போகும்

காதிரைச்சல் என்று வருவதில் இந்த மாதம் இது நான்காவது. டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். மகனுக்கு 19 வயது. ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஓயாத இரைச்சலாம். அதைச் சொல்ல வந்தவன் என் வாசலில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பாட்டு கேட்பே தம்பி?" என்று நான் கேட்டிருக்கக்கூடாது. இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா, மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் குழுவின் எண்பதுகளின் ரசிகர். 1991 பிளாக் ஆல்பத்தோடு அந்தக் குழு விலைபோய்விட்டது என்பது அவர் கட்சி. பாப் ராக் என்பவர் தயாரிப்பாளராக வந்தார், பாட்டு குட்டையானது, வேகம் குறைந்தது, ரேடியோக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. 1996ல் தலைமுடியையும் வெட்டிக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், சொந்தத் தம்பி மதம் மாறியது போல. மகனுக்கோ அந்த ஆல்பம்தான் மெட்டாலிகா, முன்னால் வந்ததெல்லாம் காட்டுக்கத்தல். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம். முப்பது வருஷச் சண்டை. அதை என் அறையிலா தீர்க்க முடியும்?

ஆனால் மகன் கடைசியாகக் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. "நான் கேக்கிறது சாஃப்ட் பாட்டுத்தானே டாக்டர்? அப்பாதான் கத்தல் கேட்டார். எனக்கு எப்படி வரும்?"

(நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிறவர். சொல்லி அலுத்துவிட்டது.)

மெட்டல் கேட்டால் காது போகும், மெலடி கேட்டால் போகாது. இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்றே தெரியவில்லை. அம்மாக்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், இப்போது பிள்ளைகளும். ஒரு குழு மென்மையாகிவிட்டது என்று ரசிகர் சொல்லும்போது அவர் பேசுவது வேகத்தையும் குரலையும் கிட்டாரையும் பற்றி. அதில் சத்தத்தை அளக்கிற டெசிபெல் எங்கே வந்தது? 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. இங்கே தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலைகளுக்கும் அந்த 85தான் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி. 100 என்றால் வெறும் கால் மணி. அந்த 100ல் தாலாட்டைப் போட்டுக் கேட்டாலும் கால் மணிதான். காதுக்கு அது தாலாட்டு என்று தெரியாது.

இன்னொன்று சொன்னால் அப்பாமார்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்: சில சமயம் சாஃப்ட் பாட்டுதான் மோசம். இவன் தினமும் மினிபஸ் டாக்சியில் காலேஜ் போகிறான். டர்பன் டாக்சி, கேட்கவா வேண்டும், சீட்டே அதிர்கிற அளவுக்கு கோம் என்கிற உள்ளூர் நடனப் பாட்டு. அதற்குள் இவனுடைய பாட்டு ஒற்றைக் கிட்டாரில் மெல்ல ஆரம்பிக்கிறது. கேட்கவில்லை, வால்யூமை ஏற்றுகிறான். ஒரு நிமிஷம் கழித்து டிரம்ஸ் இறங்குகிறது. வால்யூமை யாராவது இறக்குகிறார்களா?

மெட்டாலிகா ரசிகர்கள் போட்ட சண்டைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. 2008ல் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்தில் குழு பழைய வேகத்துக்குத் திரும்பியது. சந்தோஷப்பட வேண்டிய ரசிகர்களே, எல்லா ஒலியையும் உச்சத்துக்கு நசுக்கி வைத்திருக்கிறார்கள், ஒலி உடைகிறது என்று கொதித்தார்கள். கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் இதைவிடத் தெளிவாக இருந்தன. வால்யூமைத் தொடாமலே காதுக்குள் போகிற சராசரிச் சத்தம் கூடிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் தனக்குக் காதிரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அதையும் அந்தப் பையனிடம் சொன்னேன்.

இருவருக்கும் சோதனை செய்தேன். 4000 ஹெர்ட்ஸ் என்கிற உச்சமான சுருதியில் இருவருக்கும் பள்ளம், அதாவது அங்கே காது குறைவாகக் கேட்கிறது; சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம். அப்பாவுக்கு ஆழம் அதிகம். 2013ல் மெட்டாலிகா ஜோகன்னஸ்பர்க் வந்தபோது ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றாராம், காதில் பஞ்சோடு. பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது ஐயா! பார்மசியில் காதடைப்பான் கேளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

மெட்டலைத் திட்டுகிற அத்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. காவடியன்று உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். கல்யாண ஹாலில் ஸ்பீக்கருக்கு அடியிலேயே தாத்தாவுக்கு நாற்காலி போடுகிறீர்கள். பிள்ளைக்கு இயர்மஃப் மாட்டுங்கள், தாத்தாவைப் பின் வரிசைக்கு நகர்த்துங்கள். பக்திக்கு ஒரு குறையும் வராது.

போனில் வால்யூம் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். டாக்சி சத்தம் தாங்கவில்லை என்றால் வெளிச்சத்தத்தை அடைக்கிற ஹெட்போன் வாங்குங்கள், அல்லது வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், பாட்டு எங்கேயும் ஓடிவிடாது. கச்சேரிக்குப் பிறகு இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினால் வாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் என்னிடம்கூட வராதீர்கள், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. தயவுசெய்து பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள்.

சோதனைக்கு வருகிறவர்கள் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாருங்கள். இயர்போனை வீட்டில் வைத்துவிட்டு.