அட்வான்ஸ் கொடுக்கும் முன் சிபில் அறிக்கையைப் பாருங்கள்

வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு கிரய ஒப்பந்தம் இருக்கும். விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பத்திரம் முடிப்பதாகக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் வங்கிப் படி ஏறுவார்கள். நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது சிபில் அறிக்கையை. ஒருவரின் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிவு செய்து, ஸ்கோர் என்று ஒரு எண்ணும் தருகிற அறிக்கை அது. பட்டா, வில்லங்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அறிக்கையில் சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்ய அந்த மூன்று மாதம் போதாமல் போகலாம். கெடு தாண்டினால் அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது ஒப்பந்த வாசகத்தையும் விற்பவரின் மனதையும் பொறுத்தது. வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை தீர்ந்திருக்கும்.

ஒரு தம்பதியர் வந்தார்கள். இருவருக்கும் நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம். கணவரின் ஸ்கோரில் ஒரு குறையும் இல்லை. மனைவியின் அறிக்கையில் மட்டும் அவர் வாங்காத ஒரு கடன், பல மாதப் பாக்கியோடு இருந்தது. திருமணத்துக்கு முன்பு தம்பியின் கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பிக்குச் சரியான வேலை அமையவில்லை, தவணை நின்றுவிட்டது, அக்காவிடம் சொல்லக் கூச்சம். பாக்கியை உடனே கட்டினார்கள். ஆனால் தாமதமான மாதங்களின் பதிவு அப்படியேதான் இருந்தது. கடைசியில் வீட்டையும் கடனையும் கணவர் பெயரில் மட்டும் போட வேண்டியதாயிற்று. மனைவியின் சம்பளம் கணக்கில் வராததால் கடன் தொகை குறைந்தது. மீதிக்கு நகை அடகுக்குப் போனது. ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும். இணை விண்ணப்பதாரராகச் சேரும் மனைவி, கணவர், பெற்றோர் எல்லாருடைய அறிக்கையையும் வங்கி பார்க்கும். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன், நகைக் கடன், தவணையில் வாங்கிய செல்போன், ஆப்பில் எடுத்த சின்னக் கடன் எதுவும் இதற்கு விலக்கில்லை.

அறிக்கை எடுக்கச் செலவு கிடையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இப்படிக் கடன் விவரங்களைத் தொகுத்து அறிக்கை தரும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இந்தப் பயத்திலேயே பார்க்காமல் இருப்பவர்கள் நிறைய. 300 முதல் 900 வரையிலான அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். வங்கியில் நாங்கள் அதிக நேரம் பார்ப்பது இந்தக் கட்டங்களைத்தான். மூன்று வருடம் முன்பு எப்போதோ வந்த ஒரு 030ஐ விட, போன இரண்டு மாதத்தில் வந்த ஒன்று எங்களை அதிகம் யோசிக்க வைக்கும்.

அடுத்து, 'செட்டில்டு' என்ற நிலை. கிரெடிட் கார்டு பாக்கி ஏறிப் போயிருக்கும். வசூல் ஆள் போன் செய்து, பாதியைக் கட்டுங்கள், கணக்கை முடித்துவிடலாம் என்பார். கட்டியவர் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார். அறிக்கையிலோ, வங்கி மீதியைத் தள்ளுபடி செய்தது என்றே பதிவாகியிருக்கும். முழுதாகக் கட்டி முடித்த 'குளோஸ்டு' கணக்குக்கும் இதற்கும் எங்கள் பார்வையில் பெரிய இடைவெளி உண்டு. இப்போதும் வழி இருக்கிறது: தள்ளுபடியான மீதியைக் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, நிலையை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இதற்கு நாளாகும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன்.

கார்டு பயன்படுத்துகிறவர்கள் வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ஒரு லட்சம் வரம்புள்ள கார்டில் மாதம் தொண்ணூறாயிரம் செலவழித்து, கெடு நாளில் முழுதும் கட்டினாலும், பில் போட்ட அன்றைய பெரிய தொகையே பதிவாக வாய்ப்பு அதிகம். வீட்டுக் கடன் கேட்பதற்கு முந்தைய சில மாதங்களில் பில் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். பழைய கார்டை அவசரப்பட்டு மூடவும் வேண்டாம்.

ஏஜென்டிடம் ஃபைல் கொடுக்கும்போது எந்த வங்கிக்கு அனுப்புகிறார் என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் ஐந்தாறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையை எடுத்த தடம் அதில் இருக்கும். பார்க்கிறவருக்கு, எங்கும் கிடைக்காமல் அலைகிறார் போலிருக்கிறது என்று தோன்றும். காசு கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த நீங்களே போதும்.

கட்டி முடித்த கடன் நிலுவை என்று இருந்தாலோ, பெயர் ஒற்றுமையால் வேறு யாருடைய கடனோ ஏறியிருந்தாலோ, சிபில் தளத்திலும் கடன் கொடுத்த வங்கியிலும் புகார் பதியுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஸ்கோர் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கடன் கிடைத்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், ஆனால் வட்டி கூடும். பல வங்கிகள் ஸ்கோரை வைத்தே வட்டியை வகைப்படுத்துகின்றன. முப்பது லட்சத்தை இருபது வருடத்துக்கு எட்டரை சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஒன்பது சதவீதம் என்றால் 26,992. வட்டி மாறாமல் கடைசி வரை கட்டினால் வித்தியாசம் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல வீடுகளில் சமையலறைக்கு மர வேலை செய்கிற காசு அது.

அறிக்கை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நேராக அட்வான்ஸுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் கேட்டு, முன் ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி ஆவணம் எழுதுபவரிடம் கேளுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அட்வான்ஸ் தொகையைக் குறைத்துப் பேசுங்கள்.