அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பாலை நிறுத்த வேண்டுமா?

"காய்ச்சலோட பால் கொடுக்காதே, சூடு பிள்ளைக்கு இறங்கிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் தாய்க்கு 39 டிகிரி காய்ச்சல் அடித்தாலும், அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்வதில்லை.

ஃபுளூ கிருமி, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. தாய் படுக்கையில் விழுவதற்குள் அவர் மூச்சுக்காற்று வழியாகவே அது பிள்ளையை எட்டியிருக்கலாம். தாயின் தொண்டையிலோ குடலிலோ நுழைந்த கிருமியை அங்குள்ள வெள்ளணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. அவற்றில் சில இரத்தத்தில் பயணித்து மார்பில் வந்து தங்கி, அதே கிருமிக்கான ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. பாலுக்குள் இறங்கும்போது அதன்மேல் ஓர் உறை போர்த்தப்படுகிறது. அதனால் அது பிள்ளையின் வயிற்றில் எளிதில் செரித்துப்போகாமல் தொண்டையிலும் குடலிலும் படிந்து, கிருமி ஒட்டிக்கொள்ளாதபடி தடுக்கிறது. எந்த மாவுப்பாலிலும் இது கிடையாது.

நிறுத்தினால் தாய்க்கும் சிரமம். வெளியேறாத பால் கட்டிக்கொள்ளும், மார்பு கனத்து வீங்கும், சுரப்பும் குறையும். பால் கட்டிக் காய்ச்சல் வந்தாலும் தொடர்ந்து கொடுக்கலாம். ஊட்டிய பிறகு குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கட்டியை அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும்.

உண்மையில் கவனம் வேண்டியது மாத்திரையில். பாரசிட்டமால் பாலில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. பல சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கிறது, அட்டையைப் படிக்காமல் பனடாலும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும். இபுபுரோஃபனும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றதே. ஆனால் சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால் டெங்கியாகவும் இருக்கலாம். அது இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை இபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், இரத்தக் கசிவை அதிகமாக்கும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பையே குறைத்துவிடும். அதற்குப் பதில் உப்புநீர் மூக்குத் தெளிப்பைக் கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து அறவே வேண்டாம்: சில தாய்மார் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறும், பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கி மூச்சே தடுமாறலாம். பலதுறை மருந்தகத்தில் "பால் கொடுக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஊட்டும்போது முகக்கவசம் அணியுங்கள், பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எழவே முடியவில்லை என்றால் பாலைக் கறந்து, வீட்டில் இன்னொருவர் கொடுக்கட்டும். கறந்த பால் 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும். ஏர்கான் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதைவிட வெக்கை என்பதால் கறந்த கையோடு குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது; 4 நாள் இருக்கும், ஆனால் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். காய்ச்சலில் தாயின் உடலில் நீர் வற்றும், ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் ஒரு குவளை தண்ணீரோ கஞ்சியோ ரசமோ குடியுங்கள்.

பாலை நிறுத்தச் சொல்லும் நிலைகள் சிலவே. புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிரியக்க அயோடின் சிகிச்சை, எச்ஐவி போன்றவற்றில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மார்பில் ஹெர்ப்பிஸ் புண் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கொடுக்கக்கூடாது.

பிள்ளைக்கே உடம்பு சரியில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஈர டயப்பர் ஒரு நாளில் வழக்கமான ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 38 டிகிரி தொட்டால், நள்ளிரவானாலும் கேகே மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள்.