அமெச்சூர் என்றால் கத்துக்குட்டியா?

"அமெச்சூர்த்தனமா இருக்கு" என்று ஒரு குறும்படத்தைப் பற்றிச் சொன்னால், அது தேறாது என்று பொருள். பேச்சு வழக்கில் அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி என்றே ஆகிவிட்டது. பிறந்தபோது அந்தச் சொல்லில் துளி இளக்காரமும் கிடையாது.

லத்தீனில் 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. காசுக்காக இல்லாமல் பிரியத்தால் ஒன்றைச் செய்பவர், அவ்வளவுதான்.

அப்புறம் இங்கிலாந்தில் இதே சொல்லை வைத்து வேலி போட்டார்கள். 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்கு எழுதிய விதிப்படி, கைத்தொழிலாளியோ கூலியாளோ அமெச்சூர் ஆக முடியாது. உடம்பு வளைத்து உழைப்பவனுக்குப் பிரியம் வரக் கூடாதா என்ன? அயர்லாந்தில் 1884இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் ஆட்டத்தைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டது. ஆடுவதற்குச் சம்பளம் மட்டும் கிடையாது.

அந்த மண்ணில்தான் இந்தச் சொல்லின் பழைய பொருளை அப்படியே பார்க்க முடிகிறது. கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்தில் கெர்ரி மாவட்ட அணிக்கு ஆடிய மிக் ஓ'கானல் வலென்ஷியா தீவுக்காரர். அட்லாண்டிக் தந்திக் கம்பி கரையேறிய அந்தத் தீவில், தந்தி நிலையத்தில் வேலை பார்த்தார். தீவுக்கு அப்போது பாலம் இல்லை. பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் துடுப்பு போட்டுக் கடலைக் கடந்து, அங்கிருந்து சாலை வழியே கில்லார்னி போக வேண்டும். திரும்பி வரும்போதும் அதே இருட்டு, அதே துடுப்பு. கூட்டத்துக்கு மேலே எழும்பி உயரப் பந்தை இரு கையாலும் பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். 1959இல் அவர் தலைமையில் கெர்ரி கோல்வேயை வென்று அகில அயர்லாந்துக் கோப்பையை எடுத்தது. கோப்பையை உடை மாற்றும் அறையிலேயே விட்டுவிட்டு அன்றே தீவுக்குக் கிளம்பிவிட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். அப்புறம் 1962, 1969, 1970 என இன்னும் மூன்று பட்டங்கள்.

இவரைக் கத்துக்குட்டி என்று சொல்ல நா வருமா?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொழில்சாரா' என்று எழுதுகிறோம். எது இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது, எது இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பொருத்தமான சொல் குறளிலேயே இருக்கிறது: "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்." இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீன் 'அமாத்தோர்' அதேதான். வானியல் ஆர்வலர், பறவை ஆர்வலர் என்று ஏற்கனவே சரியாகப் புழங்குகிறோம்.

ஒரு சிக்கல் உண்டு. 'கால்பந்து ஆர்வலர்' என்றால் ஆட்டம் பார்க்கப் போகிறவர் என்று படும். அதனால் ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் 'ஆர்வமுறை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 'தொழில்முறை'க்கு நேர் இணையாக நிற்கும். ஆர்வமுறை நாடகக் குழு. ஆர்வமுறை ஆட்டக்காரர் மிக் ஓ'கானல்.