சின்னக் காலேஜ்தானே, மேடம்?

அந்த அப்பா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்தார். எக்செல் ஷீட்டில் 12 அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்கள், ஒவ்வொன்றிலும் விண்ணப்பிப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறது என்ற கணக்கு, அதற்குப் பக்கத்தில் அவரே போட்ட நிறம். 25க்கு மேல் இருந்தால் பச்சை, பத்துக்கும் 25க்கும் நடுவே மஞ்சள். சிவப்பு இரண்டே இரண்டுதான்.

"இதெல்லாம் சின்னக் காலேஜ்தானே, மேடம்? மொத்தமே ரெண்டாயிரம் பேர்தான் படிக்கிறாங்க. நம்ம பையன் பத்தாவதுல 96 பர்சென்ட். கிடைச்சுடும்ல?"

பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டில் இளநிலைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது என் தொழில். பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். முன்பெல்லாம் இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருந்தது: "லிபரல் ஆர்ட்ஸா? ஆர்ட்ஸ் காலேஜுக்கா அமெரிக்கா வரை அனுப்பணும்?" நம் ஊரில் இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஒரு பெயர் இருப்பதால் வந்த குழப்பம். அமெரிக்காவில் இந்தச் சின்னக் கல்லூரிகளைத்தான் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குள் இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாமே அடக்கம். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்தது அயோவா மாநிலத்துச் சோளக்காட்டு நடுவே இருக்கும் கிரின்னெல் கல்லூரியில். 1989இல் வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக்கும் அதே கல்லூரிதான். இதை ஒருமுறை சொல்லிவிட்டால் பெற்றோர் சமாதானம் ஆகிவிடுவார்கள். "சின்னது, அதனால் சுலபம்" என்ற எண்ணம்தான் லேசில் போவதில்லை.

உண்மை நேர் எதிர். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா, போடன் ஆகிய ஐந்து சின்னக் கல்லூரிகளிலும் சமீப ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். ஆம்ஹர்ஸ்டில் ஒரு வருடத்துக்குச் சேர்வது ஏறக்குறைய 470 பேர். நம் ஊரின் பெரிய பள்ளி ஒன்றின் பிளஸ் டூ பேட்ச் அவ்வளவு இருக்கும்.

அந்த 470ஐயும் அப்படியே நம் பிள்ளைக்கு முன்னால் திறந்து வைத்த இடங்களாக நினைக்கக் கூடாது. இந்த ரகக் கல்லூரிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் கல்லூரி அணியில் விளையாடுபவர். சின்னக் கல்லூரி என்றாலும் ஃபுட்பால் அணிக்கும் ஆள் வேண்டும், நீச்சலுக்கும் படகுக்கும் ஆள் வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக் கூட்டத்தில் ஓர் அணி கரைந்துவிடும். 470 பேரில் அது கண்ணில் படும். விளையாட்டுக்காக உதவித்தொகை இங்கே கிடையாது. ஆனால் "இந்தப் பையன் எனக்கு வேண்டும்" என்று கோச் சொல்லும் வார்த்தைக்கு அட்மிஷன் அலுவலகத்தில் மதிப்பு உண்டு. மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 310 சொச்சம். மொத்தத்தில் பத்தில் ஒருவர் வெளிநாட்டவர் என்று வைத்துக்கொண்டால் 47. அந்த 47 இடத்துக்குத்தான் சீனா, கென்யா, வியட்நாம், பிரேசில் பிள்ளைகளோடு நம் பையனும் நிற்கிறான். இதில் 96க்கும் 98க்கும் என்ன பெரிய வித்தியாசம்? கட்-ஆஃப் என்ற ஒன்றே அங்கே இல்லை. போடன் கல்லூரி 1969இலிருந்தே நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதில்லை.

விளையாட்டைச் சொல்லும்போது ஒன்று. சென்னைக்காரர்கள் இதை வெறும் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கனெடிகட் மாநிலத்து டிரினிட்டி கல்லூரியின் ஆண்கள் ஸ்குவாஷ் அணி 1998இலிருந்து 2012 வரை தொடர்ந்து 252 போட்டிகளில் தோற்கவே இல்லை. அந்த அணிகளில் இந்தியப் பிள்ளைகளும் இருந்தார்கள். நேரு பார்க் ஸ்குவாஷ் கோர்ட்டில் காலை ஐந்தரைக்கு வியர்க்க வியர்க்க ஆடும் பிள்ளைக்கு அந்த மட்டை என்ன செய்யும் என்று பெற்றோருக்கே பல நேரம் தெரிவதில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் "படிப்பு கெட்டுப்போகும்" என்று முதலில் நிறுத்துவது அதைத்தான்.

சரி, சதவீதத்துக்கு வருவோம். எர்லி டிசிஷன் என்று ஒரு முறை இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு, "இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்று எழுதிக் கொடுத்து விண்ணப்பிப்பது. டிசம்பர் நடுவில் முடிவு வரும். தரும் உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். சின்னக் கல்லூரிகளில் பல, தங்கள் இடத்தில் பாதியை ஒட்டி இந்த வழியிலேயே நிரப்பிவிடுகின்றன. நான் பெற்றோருக்குத் தாளில் போட்டுக் காட்டும் கற்பனைக் கணக்கு இது: 10,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 800 பேருக்கு இடம், ஆக 8 சதவீதம். அதில் எர்லியில் வந்த 800 பேரில் 240 பேருக்குக் கிடைத்தது என்றால் அது 30 சதவீதம். மிச்சம் 9,200 பேருக்கு 560 இடம், 6 சதவீதம். வெளியே சொல்லப்படும் அந்த 8, யாருடைய வாய்ப்பும் அல்ல. உடனே "அப்படின்னா எர்லியிலேயே போட்டுடலாமே" என்பார்கள். அந்த 240இல் கோச் ஏற்கெனவே தலையசைத்த பிள்ளைகள் பலர். அவர்களைக் கழித்துவிட்டால் 30 என்பதும் நிறையக் குறையும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நம் குடும்பங்களை உண்மையிலேயே கவிழ்ப்பது பணம்.

ஆங்கிலத்தில் இதற்கு நீட்-பிளைண்ட், நீட்-அவேர் என்று இரண்டு சொல் உண்டு. நீட் என்றதும் மருத்துவ நுழைவுத் தேர்வை நினைத்துப் பதற வேண்டாம், இது 'தேவை'. பிள்ளைக்குப் பண உதவி தேவையா என்று பார்க்காமலே முடிவெடுப்பது முதல் வகை. பார்த்து முடிவெடுப்பது இரண்டாவது. அமெரிக்கக் குடிமக்களுக்கு முதல் வகையாக இருக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவருக்கு இரண்டாவது வகை. ஆம்ஹர்ஸ்டும் 2022இலிருந்து போடனும் வெளிநாட்டவருக்கும் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன; இப்படிப்பட்ட கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு வருடச் செலவு பல இடங்களில் 85,000 டாலரைத் தாண்டிவிட்ட காலத்தில், முழு உதவி கேட்கும் பிள்ளையும் முழுத் தொகையைக் கட்டும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

இதை நானே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், முழு உதவி இல்லாமல் போகவே முடியாத ஒரு பெண்ணுக்கு, நாலில் ஒருவருக்கு இடம் தரும் கல்லூரி ஒன்றை "இது நிச்சயம் கிடைக்கும்" என்று பட்டியலில் சேர்த்தேன். கிடைக்கவில்லை. அதைவிடக் கடினமான இன்னொன்றில், உதவியோடு கிடைத்தது. முதல் கல்லூரி வெளிநாட்டவருக்குக் கொடுத்த உதவி விவரத்தை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு அங்கே கதவே இருக்கவில்லை. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், நான் பார்க்கவில்லை.

பார்ப்பது எப்படி என்றால், கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் கிடைக்கும். அதில் சி 1 என்ற பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று இருக்கும். எர்லி கணக்கு சி 21இல். எல்லோரும் தவறவிடுவது எச் 6: வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி, சராசரியாக எவ்வளவு டாலர் என்று அங்கே இருக்கிறது. அந்த எண்ணிக்கை நான்கு வருடத்து மாணவர்களுக்கும் சேர்த்தது. நாலால் வகுத்தால்தான் உங்கள் பிள்ளையின் வருடத்துக்கு எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும்.

இன்னொரு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் "பண உதவி கேட்கப் போகிறீர்களா?" என்று கல்லூரிகள் கேட்கும். இப்போது 'இல்லை' என்று போட்டு உள்ளே நுழைந்துவிட்டு, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது சில அப்பாக்களின் சாமர்த்தியம். பல கல்லூரிகளில், சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது. அப்படி மாட்டிக்கொண்டு முதல் செமஸ்டரோடு திரும்பி வந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

நியூஜெர்சியிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் என்னிடம் பேசும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மூன்றாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்திருக்கலாம். வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தால், பண உதவி என்று வரும்போது பெரும்பாலான கல்லூரிகளின் கணக்கில் வெளிநாட்டு மாணவர்தான். அமெரிக்காவில் பிறந்த தங்கைக்கு ஒரு வரிசை, அண்ணனுக்கு வேறு வரிசை. இதை அந்தப் பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். டிசம்பரில் தெரிந்தால் தாங்க மாட்டான்.

எக்செல் அப்பாவிடம் திரும்பி வருகிறேன். அன்று அவருடைய பச்சைகளில் பாதி சிவப்பானது. "96 வாங்கியிருக்கான், மெரிட் ஸ்காலர்ஷிப்னு ஏதாவது தரமாட்டாங்களா?" என்றார். வில்லியம்ஸும் ஆம்ஹர்ஸ்டும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை, தேவைக்கு மட்டும்தான். மதிப்பெண்ணுக்குப் பணம் தருவது அடுத்த வரிசைக் கல்லூரிகள். ஒஹாயோவின் வூஸ்டர் கல்லூரி விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேரையாவது எடுத்துக்கொள்கிறது, நல்ல மாணவர்களை இழுக்க உதவித்தொகையும் தருகிறது. அங்கே கடைசி வருடம் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேராசிரியரோடு தனியாக உட்கார்ந்து ஓர் ஆய்வை முடித்தாக வேண்டும். மிச்சிகனின் கலாமஸூவும் ஏறக்குறைய இந்த ரகம்.

"பாதிப் பேருக்குக் கிடைக்கிற இடமா?" என்று அவர் முகம் கொஞ்சம் வாடியது. பையன் அப்போதுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினான். "அந்த ஆய்வு பிசிக்ஸ்லயும் பண்ணலாமா, மேடம்?" என்று கேட்டான்.

இப்போது இந்த ரகக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவன் அப்பாவைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் பையன் எங்கே படிக்கிறான் என்று கேட்டார். இவர் கல்லூரிப் பெயரைச் சொன்னார். கேட்டவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அப்புறம், "அமெரிக்காவுலதான்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.